மாட்டாஸ்பத்திரி கேனும் மாமாவின் கிட்னியும்

மைனஸ் 196 டிகிரி என்றால் நமக்கு ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடம்தான் ஞாபகம் வரும். ஆனால் சேலம் ஜில்லாவில் மாடு வைத்திருக்கும் யாரும் அந்தக் குளிரைக் கையெட்டும் தூரத்தில் பார்த்திருப்பார்கள். பசுவுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் வண்டியில் கட்டியிருக்கும் அலுமினியக் கேன்தான் அது. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும். அந்தப் புகை மேலே போகாது, கேனின் கழுத்தைத் தாண்டி வழிந்து தரையைப் பார்த்து இறங்கும். உள்ளே திரவ நைட்ரஜன். அதில் முழுகி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒவ்வொன்றிலும் கால் மில்லி விந்து. ஊட்டியிலோ ஈச்சங்கோட்டையிலோ நின்ற ஏதோ ஒரு காளையுடையது. அந்தக் காளை செத்துப் பல வருஷம் ஆகியிருந்தாலும் கன்று பிறக்கும்.

என் அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் அவர் போகாத தொழுவம் குறைவு. லீவு நாட்களில் நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். குச்சியை எடுப்பதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. குச்சிகள் இருக்கும் குவளையைக் கேனின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்த வேண்டும், வெளியே தூக்கவே கூடாது. இடுக்கியால் ஒன்றைக் கவ்வி எடுத்ததும், தெர்மாஸில் கொண்டுவந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பது விநாடி. தண்ணீர் 37 டிகிரி இருக்கிறதா என்று சின்னத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார். பிறகு பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, கத்தரியால் முனையை வெட்டி, 'கன்' என்கிற நீளக் குழாயில் ஏற்றுவார். வாலைப் பிடித்திருக்கும் மாட்டுக்காரர், "சீக்கிரம் ஆகட்டுங்க சார், உதைக்கப் போவுது" என்று பதறுவார். அப்பா அசர மாட்டார். "போட்டு வெக்கிறது நைட்ரஜன் வேலை. எடுக்கிறதுதான் நம்ம வேலை" என்பார். சினை நிற்காமல் போவதில் பாதி, குச்சியை அவசரமாக எடுத்ததால்தான் என்பது அவர் கட்சி.

என் மாமா, அம்மாவின் அண்ணன், ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரம் மூன்று தடவை மலையிறங்கி சேலத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாலு மணி நேரம் மிஷினோடு படுத்து, திரும்ப இருபது வளைவு ஏற வேண்டும். ரத்தம் சுத்தமாகி வருகிற அன்றைக்கு உடம்பில் தெம்பு இருக்காது. பஸ் ஏழாவது வளைவு தாண்டுவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வரும் என்பார். அதனால் பல நாள் எங்கள் வீட்டில் தங்கி மறுநாள் காலையில் போவார். வாழ்நாள் முழுக்கக் காபிச் செடிகளுக்கு நடுவில் இருந்த மனிதருக்கு இப்போது அரை டம்ளர் காபிதான் அனுமதி. குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு. பொட்டாசியம் ஏறும் என்று வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவா சீசனில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். அவர் இடது முன்கையில், சிரையையும் தமனியையும் இணைத்து வைத்திருக்கும் இடத்தில் விரல் வைத்தால், உள்ளே ரத்தம் உறுமி ஓடுவது தெரியும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்தக் கையைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அது நின்றால் மறுபடி ஆபரேஷன்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வந்து திண்ணையில் சாய்ந்திருந்தவர் அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்க மாப்ளே, மாட்டு விந்தை எத்தனை வருசம் வேணும்னாலும் கேன்ல போட்டு வெச்சிருக்கீங்க. மனுசன் கிட்னியை அப்படிப் போட்டு வெக்க முடியாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் காலேஜில் இயற்பியல் பாடம் நடத்துபவள். டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வைத்தியத்தைவிட இயற்பியலுக்குத்தான் அதிகம் சொந்தம் என்று அன்றைக்கே தோன்றியது. அதற்கப்புறம் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தானமாகக் கிடைத்த உறுப்பை யாரும் உறைய வைப்பதில்லை. ரத்தத்தை வெளியேற்றி, குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தை ரத்தக் குழாய் வழியே ஓடவிட்டு, கிருமி போகாத பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, ஐஸ் நிரப்பிய பெட்டியில் 4 டிகிரி சுமாருக்கு வைக்கிறார்கள். அந்தத் திரவங்களில் பெயர் பெற்றது 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் உருவாக்கியது. இந்தக் குளிரில் செல்லின் வேலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆனால் நிற்காது. உள்ளே இருக்கும் எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். உப்பை வெளியே தள்ளும் பம்புகள் ஓயும். செல் வீங்கும். இதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கெடு இருக்கிறது. இதயத்துக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம். நுரையீரலுக்கு ஆறிலிருந்து எட்டு. ஈரலுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. கிட்னி கொஞ்சம் பொறுமைசாலி, ஒரு நாள் ஒன்றரை நாள் தாங்கும்.

இந்தக் கெடுவைச் சேலத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள். பெங்களூர் ரோட்டில் தொப்பூர் கணவாய் என்ற பெயரைக் கேட்டாலே சேலத்துக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உளுந்தூர்பேட்டை ரோடும் லேசுப்பட்டதல்ல. அடிபட்டவர் வந்து சேரும் இடம் சேலம். ஆனால் அவருடைய இதயத்துக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் சென்னையில் இருப்பார். நடுவில் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். எவ்வளவு விரட்டினாலும் ரோட்டில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. இதயத்தின் கெடு அதிலேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். எடுத்த நிமிஷத்திலிருந்து இன்னொரு நெஞ்சில் துடிக்க ஆரம்பிக்கும்வரைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கெடு என்பதையும் மறக்கக் கூடாது. கோயம்புத்தூர் 160 கிலோமீட்டர், அது பரவாயில்லை. காமலாபுரத்தில் ஏர்போர்ட் இருக்கிறது, ஆனால் நடுராத்திரியில் நமக்காக விமானம் காத்து நிற்காது.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவன் பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தைப் போலீஸ் நிறுத்திவைக்க முகப்பேருக்குப் பறந்ததை டி.வி.யில் பார்த்து அழாதவர்கள் இல்லை. அதற்கப்புறம்தான் உறுப்பு தானம் என்பது நம் ஊர் டீக்கடைப் பேச்சானது. இன்றைக்கும் ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட செய்தி வந்தால் பகிர்ந்துகொள்கிறோம், நல்ல விஷயம்தான். எனக்கு மட்டும் அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். நேரத்தை நிறுத்திவைக்கத் தெரியாததால்தானே ட்ராஃபிக்கை நிறுத்துகிறோம்?

ஓட்டம் உறுப்புக்கு மட்டும் இல்லை. பதிவு செய்து காத்திருப்பவரும் ஓட வேண்டும். மாமாவுக்கு ஒரு ராத்திரி போன் வந்தது. ஒரு கிட்னி கிடைக்கலாம், உடனே கிளம்பி வாருங்கள். ஏற்காட்டில் மழை, மலைப்பாதையில் பனிமூட்டம். எஸ்டேட் ஜீப்பில் இறங்கி, சேலத்தில் காருக்கு மாறி, கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது விடிய ஆரம்பித்துவிட்டது. அங்கே இவர் மட்டும் இல்லை. இன்னும் இரண்டு பேர் குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்தவரின் செல்லை இவர்கள் ரத்தம் எதிர்க்கிறதா என்று கிராஸ்மேட்ச் பார்க்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். யாருக்காவது ஒத்துவராவிட்டால் கிட்னி வீணாகக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே பலரைக் கூப்பிட்டுவிடுவார்கள். காரணம் நியாயமானதுதான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். மூன்று குடும்பமும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த பையனுக்குக் கிடைத்தது. "சின்ன வயசு கண்ணு, அவனுக்குக் கிடைச்சது நல்லதுதான்" என்று மாமா சொன்னார். அடுத்த நாள் டயாலிசிஸ் இருந்ததால் ஏற்காடு போகாமல் எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

கிட்னியைப் போட்டு வைக்க முடிந்தால் அந்த ராத்திரியே இல்லை. கிராஸ்மேட்சை நிதானமாகச் செய்யலாம். யாருக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறதோ அவரைத் தேடிக் கூப்பிடலாம். ஆபரேஷனைப் பகலில், தூங்கி எழுந்த டாக்டர் செய்யலாம். ஏற்காட்டு மழை வெறிக்கும்வரைக்கும் காத்திருக்கலாம்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். விந்துக்கு முடிந்தது கிட்னிக்கு ஏன் முடியவில்லை?

விந்துக்கே அது சுலபமாக வந்துவிடவில்லை. லண்டன் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவல் விந்தை உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல்களில் முயன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புட்டிக் கரைசலில் மட்டும் உறைந்து இளகிய விந்து துள்ளி ஓடியது. என்னவென்று சோதித்தால், அந்தப் புட்டியில் இருந்தது அவர்கள் நினைத்த சர்க்கரையே இல்லை, லேபிள் குழப்பத்தில் வந்த கிளிசரின். 1949ல் அதை வெளியிட்டார்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வெடிப்புக்குத் தடவ விற்கும் அதே கிளிசரின்தான். அப்பாவின் குச்சிகளில் இருந்ததும் அதுதான். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் வரிசையாகப் போர்டு வைத்திருக்கும் கருத்தரிப்பு மையங்களில் கருவை உறைய வைப்பதும் அந்தப் பரம்பரையில் வந்த வித்தைதான்.

கிளிசரின் என்ன செய்கிறது? தண்ணீர் ஐஸாகும்போது சுமார் ஒன்பது சதவீதம் விரிவடைகிறது என்பது எல்லோரும் படித்தது. செல்லைக் கொல்வது அந்த விரிவு மட்டும் இல்லை. ஐஸ் முதலில் செல்லுக்கு வெளியேதான் கட்டும். சுத்தமான தண்ணீர் மட்டும் ஐஸாகப் போய்ச் சேர்ந்துகொள்ள, மிச்சத் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அது செல்லுக்குள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊர்ப் பேச்சில் மாமாவுக்கு 'உப்பு ஏறிப்போச்சு' என்கிறோமே, அதன் கொடூரமான வடிவம் இங்கே செல் செல்லாக நடக்கிறது. கிளிசரின் போன்ற உறைதடுப்பான்கள் தண்ணீரோடு கலந்து அதை ஐஸாகக் கட்டவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன.

விந்தில் செல்கள் தனித்தனி. கொஞ்சம் ஐஸ் கட்டினாலும் ஓரமாகக் கட்டிவிட்டுப் போகட்டும். லட்சக்கணக்கில் சில செத்தாலும் மிச்சம் போதும். கிட்னி அப்படி இல்லை. ஒரு கிட்னிக்குள் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள், அவற்றுக்குள் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். அங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது. ஐஸ் எங்கே கட்டினாலும் ஒரு குழாயைக் கிழித்துக்கொண்டுதான் கட்டும். அதனால் உறுப்புக்குக் கொஞ்சம் ஐஸ் என்ற சமாதானமே சரிப்படாது. ஐஸே இருக்கக் கூடாது.

மைனஸ் 150 டிகிரியில் ஐஸே இல்லாமல் எப்படி? சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் கட்டி ஆறவிட்டால் கற்கண்டாகப் பூக்கும். அதே பாகை முறுகக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் படிகம் கட்ட நேரமே கிடைக்காமல் அப்படியே இறுகி, அந்தப் பக்கம் தெரிகிற மிட்டாயாகிவிடும். தண்ணீரில் உறைதடுப்பான்களை ஏராளமாகக் கலந்து வேகமாகக் குளிர்வித்தால் இதேதான் நடக்கிறது. மைனஸ் 120க்குக் கொஞ்சம் கீழே போனதும் மூலக்கூறுகள் நின்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. ஐஸ் இல்லை, ஆனால் திடம். கண்ணாடி. இந்த முறைக்கு வைட்ரிஃபிகேஷன் என்று பெயர். ராலும் ஃபாஹியும் 1985ல் எலிக் கருக்களை இப்படிக் கண்ணாடியாக்கி உயிரோடு மீட்டுக் காட்டினார்கள்.

அந்த கிரெகரி ஃபாஹிதான் பிறகு கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு முயல் கிட்னியை விடாமல் துரத்தினார். மைனஸ் 130க்குக் கீழே கண்ணாடியாக்கி, மறுபடி சூடாக்கி, ஒரு முயலுக்குப் பொருத்தியதில், அந்த ஒற்றைக் கிட்னியை நம்பி அந்த முயல் 48 நாள் இருந்தது. ஆராய்ந்து பார்க்க அவர்களே அதன் வாழ்வை முடித்தார்கள். 2009ல் வெளியான அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வெற்றி அல்ல, குறை. கிட்னியின் வெளிப்பகுதி நன்றாக இருந்தது, உள்மையம் அடிபட்டிருந்தது. அங்கே ரத்த ஓட்டம் இயல்பாகவே மெதுவானது. உறைதடுப்பான் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. சேராத இடத்தில் ஐஸ் கட்டிவிட்டது.

அதற்கு மருந்தின் அளவைக் கூட்டினால் போகிறது என்று தோன்றும். அங்கேதான் முட்டுக்கட்டை. இந்த உறைதடுப்பான்கள் எல்லாமே அளவு மீறினால் விஷம். அதனால் குளிரில் வைத்துக்கொண்டு, படிப்படியாக அடர்த்தியைக் கூட்டி ஏற்ற வேண்டும், அதேபோலப் படிப்படியாகக் கழுவி எடுக்க வேண்டும். ஏற்றும் வேகம் கூடினால் செல் சுருங்கிச் சாகும், குறைந்தால் விஷத்தில் ஊறிச் சாகும்.

இவ்வளவையும் தாண்டி கண்ணாடியாக்கிவிட்டால் வேலை முடிந்ததா? அப்பா சொன்னது இங்கேதான் வந்து நின்றது. எடுப்பதுதான் வேலை. குளிரும்போது ஐஸின் விதைகள், கண்ணுக்குத் தெரியாத அளவில், எங்கேயோ விழுந்திருக்கும். அவ்வளவு குளிரில் அவை வளர முடியாது, சும்மா கிடக்கும். சூடாக்கும்போது கண்ணாடி இளகி, மூலக்கூறுகள் நகர ஆரம்பித்ததும் விதைகள் மளமளவென்று வளரும். அதனால் குளிர்விக்கிற வேகத்தைவிடச் சூடாக்குகிற வேகம் பல மடங்கு வேண்டும். கால் மில்லிக் குச்சியை வெதுவெதுத் தண்ணீரில் போட்டால் விநாடியில் உள்வரைக்கும் சூடு போய்விடும். மனிதக் கிட்னி 150 கிராம். வெளித்தோல் இளகி வெதுவெதுப்பாக இருக்கும்போது நடுப்பகுதி இன்னும் கண்ணாடியாக இருக்கும். வெளியே ஒரு சூடு, உள்ளே ஒரு குளிர் என்றால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் பிஷாஃப் கூட்டம் இதற்குக் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். வெளியிலிருந்து சூடாக்கினால்தானே தகராறு, உள்ளிருந்தே சூடாக்கலாம் என்று போனார்கள். உறைய வைக்கும் முன்பே உறைதடுப்பானோடு இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களையும் ரத்தக் குழாய்கள் வழியே ஏற்றிவிடுகிறார்கள். எடுக்க வேண்டிய நாளில், மின்சாரக் கம்பிச்சுருளுக்கு நடுவில் உறுப்பை வைத்து, திசை மாறி மாறி அடிக்கும் காந்தப்புலத்தைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு துகளும் தன் இடத்தில் சூடாகிறது. ரத்தக் குழாய் போன இடமெல்லாம் துகள் இருப்பதால் மையமும் ஓரமும் ஒன்றாக இளகுகின்றன. பிறகு துகள்களைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற ஹிஸ்டரிசிஸ் பாடம்தான் இது, காந்தத்தைத் திசை மாற்றி மாற்றித் திருப்பினால் இரும்பில் சூடு பிறக்கும் என்பது. டிரான்ஸ்ஃபார்மரில் வீணாகிற சூடு என்று சொல்லிக் கடந்துபோய்க்கொண்டிருந்தேன்.

2017ல் 50 மில்லி கொள்ளளவில் திசுக்களைச் சேதமில்லாமல் மீட்டார்கள். 2023ல், எரிக் ஃபிங்கர் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்த அதே கூட்டம், எலிக் கிட்னிகளை மைனஸ் 150 டிகிரியில் நூறு நாள் வரைக்கும் வைத்திருந்து, நானோ துகளால் சூடாக்கி, சொந்தக் கிட்னி இரண்டையும் இழந்த ஐந்து எலிகளுக்குப் பொருத்தியது. முதல் இரண்டு மூன்று வாரம் கிட்னிகள் தடுமாறின. ஒரு மாதத்துக்குள், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு இயல்புக்கு வந்தது. உறைந்து எழுந்த ஓர் உறுப்பு ஓர் உயிரை முழுதாகத் தாங்கியது, அதுவும் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வகையில் என்பதுதான் இதன் விசேஷம்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "நூறு நாளா?" என்றார். "எலிக்கா?" என்றார் அடுத்து. கொஞ்ச நேரம் கழித்து, "எலிக் கிட்னி எத்தாச்சோடு இருக்கும் கண்ணு?" என்றார். ஒரு கிராம் சுமார் என்றேன். ரைட்டர் வேலை பார்த்தவர், பெருக்கல் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "நூத்தம்பது மடங்கு" என்று சொல்லிவிட்டு அரை டம்ளர் காபியை எடுத்துக்கொண்டார்.

அந்த நூற்றைம்பது மடங்கில்தான் இப்போது எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய உறுப்பு மெதுவாகக் குளிரும், மெதுவாகக் குளிர்ந்தாலும் ஐஸ் கட்டாதிருக்க மருந்து அதிகம் வேண்டும், மருந்து அதிகமானால் விஷம் அதிகம். லிட்டர் கணக்கான கொள்ளளவை ஐஸ் இல்லாமல் கண்ணாடியாக்க முடிகிறது என்று காட்டிவிட்டார்கள். பன்றி உறுப்புகளிலும் வேலை நடக்கிறது. கண்ணாடியாக்க முடிகிறது என்பதும், எழுந்துவந்து சிறுநீர் பிரிக்கிறது என்பதும் வேறு வேறு. மனிதருக்கு உறைந்த கிட்னியைப் பொருத்துவதாக யாராவது உங்களிடம் சொல்லிப் பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

இதற்கு நடுவில் வேறு இரண்டு வழியும் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியும் ஐஸ் கட்டவிடாமல் திரவமாகவே வைத்திருப்பது. பாஸ்டனில் கோர்க்குட் உய்குன் கூட்டம் 2014ல் எலி ஈரலை மைனஸ் 6ல் வைத்துப் பொருத்தியது. 2019ல், பொருத்தத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட மனித ஈரல்களை மைனஸ் 4ல் வைத்து, தாங்கும் நேரத்தை 27 மணி நேரம் நீட்டிக் காட்டியது. வட அமெரிக்காவில் மரத்தவளை என்று ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் உடம்பில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டு பாதிக்கு மேல் ஐஸாக உறைந்து, இதயம் நின்று, வெயில் வந்ததும் எழுந்து குதித்துப் போகும். இந்தத் துறைக்காரர்கள் அதைக் குலதெய்வமாக வைத்திருக்கிறார்கள். நம் சேர்வராயன் மலைத் தவளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மார்கழியிலும் ஒரு போர்வைக் குளிரோடு சரி.

இன்னொரு வழி நேர் எதிரானது. குளிரே வேண்டாம், உறுப்பை உடம்புச் சூட்டிலேயே மிஷினில் மாட்டி ரத்தம் ஓட்டுவது. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஃப்ரெண்ட், கான்ஸ்டன்டின் கூசியோஸ் இருவரும் உருவாக்கிய மிஷினில் ஈரல் வெளியே இருந்தபடியே பித்தம் சுரக்கும். 2018ல் 220 ஈரல்களில் நடந்த சோதனையில், ஐஸ் பெட்டியைவிடச் சேதம் குறைவு, தூக்கிப்போட்ட ஈரலும் குறைவு என்று வந்தது. ஜூரிக்கில் பியர் அலைன் கிளாவியன் கூட்டம் இன்னும் ஒரு படி போய், வேறு யாரும் எடுத்துக்கொள்ள மறுத்த ஓர் ஈரலை மூன்று நாள் மிஷினில் வைத்து, மருந்து கொடுத்துத் தேற்றி, 2021ல் ஒருவருக்குப் பொருத்தியது. அவர் நன்றாக இருக்கிறார் என்று அடுத்த வருஷம் எழுதினார்கள். சேலம், கோயம்புத்தூர் மாதிரி ஊர்களுக்கு முதலில் வந்து சேரப்போவது இந்தச் சூட்டு மிஷின்தான், நைட்ரஜன் தொட்டி அல்ல என்பது என் எண்ணம். உறுப்பு வேலை செய்கிறதா என்று பொருத்தும் முன்பே பார்த்துவிடலாம் என்பது டாக்டர்களுக்குப் பெரிய ஆறுதல். விலையும், கூடவே ஆள் நிற்க வேண்டும் என்பதும்தான் இடிக்கிறது. நைட்ரஜன் தொட்டிக்கு ஆள் வேண்டாம். ஊற்றிவைத்தால் போதும்.

அதனால்தான் தூரத்தில் இருந்தாலும் என் மனம் அந்தத் தொட்டிப் பக்கமே சாய்கிறது. மிஷின் மூன்று நாள் வாங்கித் தரும். தொட்டி மாதக் கணக்கில் வாங்கித் தரும். மாதக் கணக்கு என்றால் காத்திருப்பு என்பதே வேறு பொருள். இன்றைக்கு மூளைச்சாவை உறுதிசெய்ய டாக்டர்கள் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்கிறது. அதற்குள் குடும்பம் அழுது, ஏற்றுக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நாலைந்து ஊர்களிலிருந்து எடுக்கும் குழுக்கள் வர வேண்டும். 2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்ததிலிருந்து, கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அதிகாரிகள் மாலையோடு வந்து நிற்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரே பார்க்கிறது. இத்தனை பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்த ஓர் உறுப்பு, ரோடு நீளம் என்பதற்காகப் பொருத்தமில்லாதவருக்குப் போவதையோ, யாருக்கும் போகாமல் வீணாவதையோ என்னால் சகிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். என் அத்தையும் முதல் நாளே "என்னுதை எடுத்துக்குங்க" என்று கையை நீட்டினாள். சர்க்கரை இருந்ததால் டாக்டர் மறுத்துவிட்டார். மறுத்ததும் அத்தை முகம் வாடியதையும், மாமா முகம் தெளிந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதில் ஒன்றும் வீணாகாத நாள் வந்தால், அடுப்படியில் நிற்கிறவளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கொஞ்சமாவது குறையும்.

தொட்டி வந்தால் தொல்லையும் வரும். 1994ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011ல் திருத்தித் திசுக்களையும் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் முழுக்க அவசரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. நூறு நாள் தொட்டியில் இருக்கிற கிட்னிக்கு யார் பொறுப்பு? அது யாருக்குப் போகும், எடுத்த அன்று வரிசையில் முதலில் நின்றவருக்கா, இளக்குகிற அன்று முதலில் நிற்பவருக்கா? வாடகை யார் கட்டுவது? தொப்புள்கொடி ரத்தத்தைப் பத்திரப்படுத்துகிறோம் என்று பிரசவ வார்டிலேயே விளம்பரத்தோடு நிற்கிறார்களே, அந்த மாதிரி ஆட்கள் கிட்னித் தொட்டியைச் சும்மா விடுவார்களா? முதல்வர் காப்பீட்டு அட்டையோடு வருகிற எஸ்டேட் தொழிலாளிக்கு அந்தத் தொட்டி திறக்குமா? விஞ்ஞானம் 150 கிராமைத் தொடுவதற்கு முன்னால் இதையெல்லாம் உட்கார்ந்து பேசிவிடலாம். அவகாசம் இருக்கிறது.

மாமாவுக்கு இப்போதைக்கு வேறு வேலை இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் அவ்வப்போது புது ரத்த சாம்பிள் கொடுக்க வேண்டும், திடீரென்று கிட்னி வந்தால் கிராஸ்மேட்சுக்கு அது கைவசம் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் போக, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் கோடை விழா ஆரம்பித்துவிட்டால் ஏறுகிற வண்டிக்கு ஒரு வழி, இறங்குகிற வண்டிக்குக் குப்பனூர் வழி என்று திருப்பிவிடுவார்கள், எப்போது போய்ச் சேருவோம் என்றே சொல்ல முடியாது. அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். வண்டி ஏற்பாடு என் பொறுப்பு.